ஓவியத்தில் ஒரு புகைக்கப்பல்

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

மதுரையில் ஏழுகடல் தெரு உண்டு, கடல் இல்லை. நம் வைகையும் கடலைத் தேடி விரைந்தோடும் ஆறன்று. அதன் நீர் பெரும்பாலும் இராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடுகிறது. அப்படியிருக்க, கப்பல் ஓவியத்தைப் பற்றி மதுரை மாணவியர் ஏன் எழுத வேண்டும் என்று வாசகர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. நம் ஊரில் கடல் இல்லாவிட்டாலும் கடலைக் கடந்தவர்கள் நம் வீடுகளில் இருந்தார்கள். கொழும்பு, ரங்கூன், பினாங்கு என்ற பெயர்கள் நம் பாட்டிமாரின் பேச்சில் திருமங்கலம், மேலூர் போலச் சாதாரணமாக வந்து விழும். அவர்களை ஏற்றிச் சென்றது புகைக்கப்பல். அந்தப் புகைக்கப்பல் பிறந்து வளர்ந்த காலத்தில் அதை எண்ணெய் வண்ணத்தில் தீட்டி வைத்தவர்கள் இருந்தார்கள். அவ்வோவியங்களை எப்படிப் படிப்பது, அவை எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

கப்பலுக்கும் உருவப்படம்

சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் பழைய ஆளுநர்களின் பெரிய பெரிய எண்ணெய் வண்ண ஓவியங்கள் உள்ளன. அரசர், ஆளுநர், ஜமீன்தார் ஆகியோர் தங்கள் உருவத்தைத் தீட்டி மாட்டிக்கொள்வது அக்கால வழக்கம். அதுபோலவே கப்பலுக்கும் உருவப்படம் தீட்டும் வழக்கம் ஐரோப்பாவில் இருந்தது. விக்டோரியா மகாராணியார் ஆண்ட 1837 முதல் 1901 வரையிலான காலத்தில் இக்கலை செழித்து வளர்ந்தது. புதிய கப்பல் ஒன்று நீரில் இறங்கியதும் அதன் முதலாளியோ, கட்டியவரோ, கப்பித்தானோ ஓவியரை அழைத்து, ‘என் கப்பலை வரைந்து கொடுங்கள்’ என்று கேட்பார். முதலாளியின் படம் அலுவலகச் சுவரை அலங்கரிக்கும். கப்பித்தானின் படம் அவருடைய வீட்டுக் கூடத்தில் தொங்கும். அவர் கடலில் இருக்கும் மாதங்களில் மனைவி மக்கள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இத்தகைய ஓவியர்கள் துறைமுக நகரங்களில் குடியிருந்தனர். இங்கிலாந்தின் லிவர்பூலில் சாமுவேல் வால்டர்ஸ் (1811-1882) புகழ் பெற்றவர். அவருடைய தந்தையாரும் கப்பல் ஓவியரே. டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய அந்தோனியோ ஜேக்கப்சன் (1850-1921) ஆயிரக்கணக்கான கப்பல்களை வரைந்து குவித்தார். அவருடைய தந்தையார் வயலின் செய்பவர். ஆகவே வயலின் செய்வதில் புகழ்பெற்ற இத்தாலியரின் பெயரைத் தம் மகனுக்குச் சூட்டினார். இக்கலை நம் நாட்டுக்கும் வராமல் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லாய் ஃபாங் என்ற சீன ஓவியர் கல்கத்தாவில் இருந்துகொண்டு, துறைமுகத்திற்கு வந்து நிற்கும் கப்பல்களை எண்ணெய் வண்ணத்தில் தீட்டிக் கொடுத்தார். படத்தின் மூலையில் தம் பெயரோடு ‘கல்கத்தா’ என்றும் எழுதி வைப்பார். சீன ஓவியர், இந்தியத் துறைமுகம், ஐரோப்பியக் கப்பல் என்று மூன்று உலகங்கள் ஒரே சட்டத்திற்குள் அடங்கிவிட்டன.

எண்ணெய் வண்ணம் என்பது என்ன? நிறப்பொடியை ஆளி விதை எண்ணெயில் குழைத்து, சட்டத்தில் இழுத்துக் கட்டிய கித்தான் துணியில் தீட்டுவதே எண்ணெய் வண்ண ஓவியம். இந்த எண்ணெய், தண்ணீர் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து மெல்ல மெல்லக் கெட்டியாகிறது. ஆகவே ஓவியர் ஒரு நிறத்தின்மேல் இன்னொன்றைப் பூசி, அலையின் ஒளியையும் புகையின் கருமையையும் பொறுமையாகக் காட்ட முடிகிறது. முன்னாளில் பன்றியின் சவ்வுப் பைகளில் வண்ணங்களைக் கட்டி வைத்தனர். 1841இல் ஜான் ராண்ட் என்பவர் தகரக் குழாயில் வண்ணத்தை அடைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அதன்பின் ஓவியர்கள் வண்ணங்களைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு துறைமுக மேடைக்கே செல்லலாயினர். படம் முடிந்ததும் பூசும் வார்னிஷ் காலப்போக்கில் மஞ்சளாகும். பழைய கப்பல் படங்களில் வானம் மாலை நேரம் போலத் தோன்றினால், அதற்குச் சூரியன் மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை!

படத்தைப் படிக்கும் முறை

கப்பல் ஓவியத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அது ஒரு பிறப்புச் சான்றிதழ் போன்றது. அதில் பார்க்க வேண்டியவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

முதலாவது, கப்பல் நிற்கும் நிலை. பெரும்பாலும் கப்பல் தன் முழு நீளமும் தெரியும்படி பக்கவாட்டில் இருக்கும். நாம் அடையாள அட்டைக்கு நேராகப் பார்த்துப் படம் எடுப்பது போன்றது இது. சில ஓவியங்களில் அதே கப்பலைப் பின்புறமிருந்து பார்க்கும் தோற்றமும் தூரத்தில் சிறியதாக வரையப்பட்டிருக்கும். அறியாதவர்கள் இரண்டு கப்பல்கள் என்று நினைத்துவிடுவார்கள். ஓரத்தில் ஒரு கலங்கரை விளக்கமோ குன்றோ தெரிந்தால் எந்தத் துறைமுகம் என்று அறியலாம்.

இரண்டாவது, பாய்மரங்கள். நீராவி இயந்திரம் இருக்கும்போது பாய்மரம் எதற்கு என்று நாங்களும் முதலில் வியந்தோம். தொடக்கக் காலக் கப்பல்கள் நிலக்கரியை ஏராளமாக விழுங்கின. கரியே கப்பலை நிரப்பிவிட்டால் சரக்கை எங்கே ஏற்றுவது? ஆகவே காற்று சாதகமாக வீசும்போது பாயை விரித்துக் கரியை மிச்சப்படுத்தினார்கள். 1860களில் ஆல்ஃபிரட் ஹோல்ட் போன்றவர்கள் கூட்டு இயந்திரத்தை நெடுந்தூரக் கப்பல்களில் பொருத்தி வெற்றி கண்டனர். ஓர் உருளையில் வேலை செய்து முடித்த நீராவியை வீணாக்காமல், அதைவிடப் பெரிய இரண்டாவது உருளைக்கு அனுப்பி மீண்டும் வேலை வாங்குவதே இதன் தத்துவம். 1881இல் நீரில் இறக்கப்பட்ட ‘அபர்தீன்’ என்னும் கப்பலில் நீராவி மூன்று உருளைகளில் மும்முறை உழைத்தது. கரிச் செலவு குறையக் குறையப் பாய்களும் குறைந்தன. ஆகவே பாய் நிறைந்த புகைக்கப்பல் படம் முற்பட்டது. மொட்டை மரங்களோடு நிற்பது பிற்பட்டது என்று ஓரளவு காலம் கணிக்கலாம்.

மூன்றாவது, சக்கரம். கப்பலின் பக்கத்தில் பெரிய வட்டப் பெட்டி ஒன்று தெரிந்தால் அது துடுப்புச் சக்கரக் கப்பல். அப்படி எதுவும் தெரியாமல் புகைபோக்கி மட்டும் இருந்தால், நீருக்குள் பின்புறத்தில் திருகு விசிறி சுழல்கிறது என்று பொருள். 1843இல் நீரில் இறங்கிய ‘கிரேட் பிரிட்டன்’ என்னும் பெரிய இரும்புக் கப்பல் திருகு விசிறியின் பெருமையை உலகறியச் செய்தது.

நான்காவது, கொடிகள். பின்புறம் பறக்கும் சிவப்புக் கொடி பிரிட்டிஷ் வணிகக் கப்பலின் அடையாளம். 1864இல் தான் சிவப்பு வணிகக் கப்பல்களுக்கு, வெள்ளை போர்க் கப்பல்களுக்கு என்று திட்டவட்டமாகப் பிரிக்கப்பட்டது. நடு மரத்தின் உச்சியில் கம்பெனியின் கொடி பறக்கும். இன்னொரு மரத்தில் நான்கு வண்ணக் கொடிகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கும். அவை அழகுக்காகக் கட்டப்பட்டவை அல்ல. 1857இல் வெளியிடப்பட்ட வணிகச் சைகை முறையில், ஆங்கில உயிரெழுத்துகளை விட்டுவிட்டு 18 மெய்யெழுத்துகளுக்கு 18 கொடிகள் வகுக்கப்பட்டன. பதிவான ஒவ்வொரு கப்பலுக்கும் நான்கெழுத்து அடையாளம் தரப்பட்டது. ஓவியத்தில் கப்பலின் பெயர் அழிந்துபோயிருந்தாலும், அந்த நான்கு கொடிகளை வாசித்துப் பழைய பதிவேட்டில் தேடிப் பெயரைக் கண்டுபிடித்துவிடலாம். ஓவியர்கள் அவற்றை எவ்வளவு கவனமாக வரைந்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்!

ஐந்தாவது, கப்பலின் வயிற்றுப் பகுதியில் ஒரு வட்டமும் அதன் குறுக்கே ஒரு கோடும். இது சிறியதுதான், ஆனால் எங்கள் மனத்தை மிகவும் தொட்டது. முற்காலத்தில் பேராசை கொண்ட சில முதலாளிகள் பழங்கப்பல்களில் அளவுக்கு மீறிச் சரக்கை ஏற்றி அனுப்பினர். கப்பல் மூழ்கினால் அவர்களுக்குக் காப்பீட்டுப் பணம் கிடைக்கும். மாலுமிகளின் குடும்பத்திற்கோ கண்ணீர்தான் கிடைக்கும். சாமுவேல் பிளிம்சால் என்னும் பாராளுமன்ற உறுப்பினர் இதை எதிர்த்து ஓயாமல் போராடினார். அதன் பயனாக 1876இல் ஒவ்வொரு கப்பலிலும் பாரக்கோடு இட வேண்டும் என்று சட்டம் வந்தது. ஆனால் கோட்டை எங்கே இடுவது என்பதை முதலாளியே தீர்மானிக்கலாம் என்று அச்சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. 1890இல்தான் அந்த ஓட்டை அடைக்கப்பட்டது. இன்றும் உலகக் கப்பல்களில் அந்த வட்டம் இருக்கிறது. படத்தில் அதைக் காணும்போது, பல உயிர்களைக் காத்த கோடு அது என்பதை நினைக்க வேண்டும்.

டர்னரும் கப்பித்தானும்

கப்பல்களை வரைந்தவர்களுள் உலகப் புகழ் பெற்றவர் ஜே. எம். டபிள்யூ. டர்னர். 1842இல் அவர் காட்சிக்கு வைத்த ஓர் ஓவியத்தில், பனிப்புயலின் நடுவே ஒரு நீராவிப் படகு தத்தளிக்கிறது. கடல் எது, வானம் எது, புகை எது என்றே தெரியாத சுழல். அக்காலத்தில் சிலர் அதைச் சோப்பு நுரை என்று கேலி செய்தனர். இன்றோ அது மாபெரும் படைப்பாகப் போற்றப்படுகிறது. அதற்கு முன் 1839இல் அவர் காட்டிய மற்றோர் ஓவியத்தில், ‘டெமரெய்ர்’ என்னும் பழைய போர்க்கப்பலைச் சிறிய நீராவிப் படகு ஒன்று உடைப்பதற்காக இழுத்துச் செல்கிறது. அதில் புகைபோக்கியை அழகு கருதி முன்னால் தள்ளி வைத்துவிட்டார். பின்னர் அதை அச்சுப் படமாகச் செதுக்கியவர் புகைபோக்கியைச் சரியான இடத்துக்கு மாற்றினாராம்!

கப்பல் உருவப்படம் வரைபவர் இப்படிச் செய்திருந்தால் கப்பித்தான் காசு கொடுத்திருக்க மாட்டார். தம் கப்பலின் ஒவ்வொரு கயிறும் எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஆகவே இந்த ஓவியர்களின் முதல் கடமை துல்லியம். கலை விமரிசகர்கள் இவர்களை நெடுநாள் கைவினைஞர்கள் என்றே ஒதுக்கி வைத்தனர். ஆனால் வரலாற்றை அறிய விரும்புவோருக்கு இவர்களுடைய துல்லியம் பெரிய வரம். புகைப்படக் கருவி பரவியதும் இவர்களுடைய தொழில் மெல்ல நலிந்தது.

கரிசல் மண்ணிலிருந்து கடல் வரை

இப்போது நம் ஊர்ப்பக்கம் வருவோம். விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்துக் கரிசல் காட்டில் விளைந்த பருத்தி, ‘திருநெல்வேலிப் பஞ்சு’ என்ற பெயரோடு சீமைக்குச் சென்றது. முதலில் மாட்டு வண்டிகள் அதைத் தூத்துக்குடிக்குக் கொண்டு சேர்த்தன. மதுரைக்கு 1875இலும், தூத்துக்குடிக்கு 1876இலும் தென்னிந்திய இரயில்வே வந்தபின் பஞ்சுப் பொதிகள் இரயிலேறின. அந்த நூற்றாண்டின் இறுதியில் ஹார்வி சகோதரர்களின் நூற்பாலை நம் மதுரையிலேயே எழுந்தது. இன்றும் பெரியவர்கள் அதை ‘ஹார்வி மில்’ என்றே சொல்வார்கள்.

கிழக்கு வங்காள விரிகுடாவிலும் தென்னகக் கரைகளிலும் கொடிகட்டிப் பறந்தது பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி. சுருக்கமாக ‘பி.ஐ.’ என்பார்கள். வில்லியம் மெக்கின்னன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர், கல்கத்தாவுக்கும் பர்மாவுக்கும் இடையே தபால் கொண்டு செல்லும் கம்பெனியாக 1856இல் இதைத் தொடங்கினார். 1862இல் புதிய பெயர் பெற்றது. கறுப்புப் புகைபோக்கியில் இரண்டு வெள்ளைப் பட்டைகள். வெள்ளைக் கொடியில் சிவப்புப் பெருக்கல் குறி. ஏதேனும் ஒரு கப்பல் ஓவியத்தில் இந்த அடையாளங்களைக் கண்டால், ‘இது நம் கரைக்கு வந்த கூட்டம்’ என்று தயங்காமல் சொல்லலாம்.

1869 நவம்பர் 17இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் புகைக்கப்பலின் செல்வாக்கு உச்சத்தை எட்டியது. ஆப்பிரிக்காவைச் சுற்ற வேண்டிய தேவை நீங்கியது. குறுகிய கால்வாயிலும் செங்கடலின் காற்றிலும் பாய்க்கப்பல்களுக்கு வழி எளிதாக இல்லை. நீராவிக்கு எளிதாக இருந்தது.

ஆனால் தூத்துக்குடியில் ஒரு சிக்கல் இருந்தது. அங்கே கரையோரக் கடல் ஆழம் குறைவு. பெரிய கப்பல்கள் சில மைல் தொலைவிலேயே நங்கூரமிட்டன. பஞ்சுப் பொதியும் பயணிகளும் தோணியிலும் படகிலும் சென்று கப்பலேற வேண்டும். தோணி அலையில் மேலும் கீழும் ஆடும். கப்பலோ அசையாத சுவர் போல நிற்கும். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு தாய் அந்த ஏணியில் கால் வைப்பதை எண்ணிப் பாருங்கள். தூத்துக்குடியில் ஆழ்கடல் துறைமுகம் அமைந்து, அது 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்படும்வரை கடலோர மக்களின் தோணிகளே கப்பலுக்கும் கரைக்கும் பாலமாக இருந்தன.

படத்தில் இல்லாதவர்கள்

இங்கேதான் நாம் சொல்ல விரும்பும் முக்கியமான செய்தி வருகிறது. கப்பல் உருவப்படத்தில் ஒவ்வொரு கயிறும் சரியாக இருக்கும். கொடியின் நிறம் பிசகாது. ஆனால் மனிதர்களைத் தேடினால், தளத்தில் எறும்பு போல நாலைந்து உருவங்கள் தெரியும். முகம் கிடையாது. அடுப்பறையில் கரி அள்ளிப் போட்டவர்களும், ‘லஸ்கர்’ என்று அழைக்கப்பட்ட நம் நாட்டு மாலுமிகளும், திறந்த தளத்தில் பாய் விரித்துப் படுத்த டெக்குப் பயணிகளும் அங்கே இடம்பெறுவது அரிது. இதில் ஓவியரைக் குறை சொல்வதற்கில்லை. பணம் கொடுத்தவர் கப்பலைத்தான் கேட்டார். அவர் கேட்டதை இவர் கொடுத்தார்.

அந்த டெக்குப் பயணிகள் யார்? மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, திருச்சி, தஞ்சைச் சீமைகளின் மக்களே. மழை பொய்த்த ஆண்டுகளில், கடன் மிகுந்த வீடுகளில், கங்காணி வந்து முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தார். இலங்கையின் தேயிலைத் தோட்டத்திற்குச் செல்வதைக் ‘கண்டிச் சீமைக்குப் போவது’ என்றார்கள். பர்மாவின் நெல் வயலுக்கும் மலேயாவின் இரப்பர்க் காட்டுக்கும் போனவர்களும் பலர். முதல் வகுப்புக்காரருக்கு அறையும் கட்டிலும் உண்டு. டெக்குப் பயணிக்குத் தலைக்குமேல் கித்தான் பந்தலே கூரை. அவர்கள் கொண்டு போனது ஒரு தகரப் பெட்டியும், துணி மூட்டையும், சில நேரங்களில் ஊர்க் கோயில் மண்ணும். அந்தக் கப்பல்களின் கணக்கு நிமிர்ந்தது இவர்களுடைய கட்டணத்தாலும் சரக்காலும்தான். ஆயினும் இவர்களுக்கு உருவப்படம் இல்லை.

ஏழைகள் வாங்கிய கப்பல்

படத்தில் இடம் பெறாத மக்களே சொந்தமாகக் கப்பல் வாங்கிய ஒரு வரலாறும் உண்டு. அது விக்டோரியா மகாராணியாரின் காலத்திற்குச் சில ஆண்டுகள் பிற்பட்டது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ‘பி.ஐ.’ கம்பெனியின் ஆதிக்கத்தை எதிர்த்து, வ. உ. சிதம்பரனார் 1906 அக்டோபர் 16இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். மூலதனம் 10 இலட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தலைவராக வீற்றிருந்தவர், 1901இல் நம் மதுரையில் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. கடலில்லாத மதுரையின் பெயர் கடல் வரலாற்றில் இப்படியும் எழுதப்பட்டிருக்கிறது.

1907இல் பிரெஞ்சு நாட்டிலிருந்து வாங்கிய ‘எஸ்.எஸ். காலியா’, ‘எஸ்.எஸ். லாவோ’ என்னும் இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன. ‘எஸ்.எஸ்.’ என்பது நீராவிக் கப்பலைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகள். ஒவ்வொன்றிலும் சுமார் 1,300 சாதாரணப் பயணிகளையும் 4,000 மூட்டைச் சரக்கையும் ஏற்றலாம். எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்தது. பின்னர் இலவசமாகவே ஏற்றிக்கொண்டு குடையும் பரிசளிக்க முன்வந்ததாகச் சொல்வார்கள். 1908 பிப்ரவரியில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்திற்கு வ.உ.சி. துணை நின்றார். மார்ச் 12இல் கைதானார். ஜூலையில் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது பின்னர் குறைக்கப்பட்டது. கோவைச் சிறையில் அவர் செக்கிழுத்தார். 1912 டிசம்பரில் விடுதலையாகி வெளியே வந்தபோது கம்பெனியும் இல்லை, கப்பலும் இல்லை. 1911லேயே கம்பெனி கலைக்கப்பட்டுவிட்டது.

இந்தக் கதையை நம் பெற்றோர்கள் 1961இல் வெளிவந்த ‘கப்பலோட்டிய தமிழன்’ திரைப்படத்தின் மூலம் அறிந்திருப்பார்கள். நாம் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. 25 ரூபாய் அக்காலத்தில் சிறிய தொகையன்று. ஆயினும் பங்கு வாங்கியவர்களுக்கு அந்தக் கப்பல் வெறும் வியாபாரப் பொருளாகத் தோன்றவில்லை. லிவர்பூல் முதலாளி தம் கப்பலைச் சுவரில் மாட்டி எப்படிப் பெருமைப்பட்டாரோ, அதே பெருமை இவர்களுக்கும் இருந்தது. தங்கள் கப்பல் என்று சொல்லிக்கொள்ளும் ஆசை எல்லா மனிதருக்கும் பொதுவானது. தூத்துக்குடித் துறைமுகம் 2011 முதல் வ. உ. சிதம்பரனார் துறைமுகம் என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது.

நாம் தீட்ட வேண்டிய ஓவியம்

1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் இலங்கைப் பயணம் தனுஷ்கோடி வழியாக மாறியது. இரயிலும் கப்பலும் இணைந்த அந்தப் பயணத்தைப் ‘போட் மெயில்’ என்றார்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையே அழித்துவிட்டது. மலேயாவுக்கு ‘ரஜூலா’ போயிற்று. 1926இல் கட்டப்பட்ட அந்தப் பி.ஐ. கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரை ஓயாமல் ஓடியது. தொடக்கத்தில் 5,000க்கும் மேற்பட்ட டெக்குப் பயணிகளை ஏற்றும் உரிமம் அதற்கு இருந்தது. ரஜூலாவில் வந்தவர்கள் இன்றும் நம்மிடையே சிலர் இருக்கிறார்கள்.

எங்கள் வகுப்பில் இதுபற்றிப் பேசியபோது, பலருடைய வீடுகளிலும் ஒரு கப்பல் கதை இருப்பது தெரிய வந்தது. ஒருத்தியின் பாட்டியார் கொழும்பில் பிறந்தவர். இன்னொருத்தியின் கொள்ளுத் தாத்தா 1942இல் ஜப்பானியர் படையெடுப்பின்போது கப்பல் கிடைக்காமல் பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர். மற்றொருத்தியின் வீட்டில் பினாங்குத் தகரப் பெட்டி இன்னும் அரிசி வைக்கப் பயன்படுகிறது. ஆனால் எந்தக் கப்பல், எந்த ஆண்டு, எத்தனை நாள் பயணம், கடலில் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டால் எங்களில் பெரும்பாலோர் விழித்தோம். கப்பலின் ஒவ்வொரு கயிற்றையும் பதிவு செய்து வைத்தவர்கள் இருந்தார்கள். நம் பாட்டி அந்தக் கப்பலின் எந்த மூலையில் உட்கார்ந்திருந்தார் என்பதைப் பதிவு செய்ய யாரும் இல்லை. அதை அறிந்தவர் அவர் ஒருவரே. அவர் மறைந்தால் அந்தப் படமும் மறைந்துவிடும்.

ஆகவே அன்புத் தோழியரே, இந்த விடுமுறையில் ஒரு சிறு வேலை செய்வோம். வீட்டிலுள்ள முதியவர்களிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்காருவோம். அவர்கள் ஏறிய ஊர், இறங்கிய ஊர், கப்பலின் பெயர், புகைபோக்கியின் நிறம், உடன் வந்தவர்கள், கடலில் வந்த அச்சம், கரையைக் கண்ட மகிழ்ச்சி என எல்லாவற்றையும் கேட்டு எழுதுவோம். ஓவியம் வரையத் தெரிந்தவர்கள் அவர்கள் சொல்லும்படியே வரையலாம். ஓர் இடத்தில் தவறினால் பாட்டியே திருத்துவார்; கயிற்றைச் சரிபார்த்த கப்பித்தானைவிடக் கண்டிப்பாகவே திருத்துவார். பழைய கடவுச்சீட்டோ, பயணச்சீட்டோ, பெட்டியில் ஒட்டிய சீட்டோ கிடைத்தால் பத்திரப்படுத்துவோம்.

கப்பல் ஓவியங்கள் நமக்குக் கற்பிக்கும் பாடம் இரண்டு. அன்போடு கவனித்தால் சின்னஞ்சிறு கயிறும் வரலாறாகும் என்பது ஒன்று. யாருடைய படம் சுவரில் இல்லை என்று கேட்கப் பழக வேண்டும் என்பது மற்றொன்று. பெற்றோர்களும் பெரியோர்களும் நாங்கள் கேட்கும்போது, ‘அதெல்லாம் இப்போது எதற்கு?’ என்று சொல்லாமல், பொறுமையோடு விடை சொல்ல வேண்டுமென்று அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.